மின்னொளிக் கபடியும் ஆடிக் காற்றும்: அதே கேமரா, அதே களம், இரண்டு ஆண்டுகள்

வள்ளியூருக்கும் ராதாபுரத்துக்கும் நடுவே ஒரு ஊரில், ஆடி மாதக் கோயில் கொடையை ஒட்டி ஆண்டுதோறும் மின்னொளிக் கபடி நடக்கும். ஊர்ப் பெயரும் அணிகளின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தக் களத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் என் அக்கா மகன் படம் எடுத்தான். முதல் ஆண்டு எடுத்ததில் ஆட்டக்காரர்கள் கையில் கொடுக்கும்படி ஒன்றும் தேறவில்லை. அடுத்த ஆண்டு எடுத்ததை இரண்டு அணிகள் ஃபிளெக்ஸ் அடித்து ஊர் முகப்பில் வைத்தன. இரண்டு முறையும் கேமரா ஒன்றுதான். லென்ஸ் மாறியது, உட்கார்ந்த இடம் மாறியது, ஷட்டரை அழுத்துகிற நேரம் மாறியது. அவை ஏன் மாற வேண்டியிருந்தது, மாற்றிய பிறகும் எது சரிவரவில்லை என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். நம் பக்கத்தில் கபடி எடுக்க ஆசைப்பட்டு, பெரிய ஜூம் இருந்தால் போதும் என்று நம்பி, விடிய விடிய எடுத்துவிட்டு மனம் விட்டுப்போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

கபடிக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வெளிச்சம்தான் பிரச்சினை. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

களம் எவ்வளவு பெரிது

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு 6.5 மீட்டர். பாக் கோடு 3.75 மீட்டரில், போனஸ் கோடு அதைத் தாண்டி இன்னும் ஒரு மீட்டரில். ஆக, போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே இருப்பது 1.75 மீட்டர் மண். ஏழு பேர் கைகோத்து நிற்பதும், கார்னரில் நிற்கிறவர் பாட வந்தவரின் கணுக்காலில் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். பெண்களுக்குக் களம் இன்னும் சிறியது, 12க்கு 8.

ஹாக்கியை எடுத்துக்கொண்டால் மைதானம் 91.4க்கு 55 மீட்டர். கோவில்பட்டியில் போய் ஹாக்கி எடுப்பவருக்கு நீள லென்ஸ் இல்லாமல் முடியாது. கபடியில் களத்தின் ஓரம் உட்காரக் கமிட்டி இடம் கொடுத்துவிட்டால், எந்த ஆட்டக்காரரும் நம்மிடமிருந்து இருபது மீட்டருக்கு மேல் போக முடியாது. அமெச்சூர் ஒருவருக்கு இதைவிட வசதியான விளையாட்டு வேறு இல்லை என்பேன். பகலில் நடந்தால் சாதாரண ஜூமே போதும். ஆனால் நம் ஊர்க் கபடி இரவு எட்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், இறுதி ஆட்டம் முடியக் கோழி கூவிவிடும்.

முதல் ஆண்டு

அவனிடம் இருந்தது கேனான் 1500டி. 2018இல் வந்த, தொடக்கநிலைக்காரர்களுக்கான கேமரா. அதோடு சேர்த்துக் கிடைக்கும் இரண்டு லென்ஸ்: 18-55 எம்எம், 55-250 எம்எம். எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரியும். "ஆட்டக்காரனை இழுத்துப் பிடிக்கணும்" என்று 55-250ஐ மாட்டிக்கொண்டு, ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேரே நின்று எடுத்தான். மோடை 'பி'யில் வைத்து, ஷட்டர் வேகத்தைக் கேமரா தலையில் விட்டுவிட்டான்.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்ன மாமா, அவ்வளவும் ஆடிப்போயித்தான் கெடக்கு. ஸ்டெபிலைசர் இருக்க லென்ஸுன்னுதான சொன்னாவ?"

படம் கெட்டிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்கினால் ஒன்றும் கற்க முடியாது. எந்த வகையில் கெட்டது என்று பிரிக்க வேண்டும். கபடிப் படத்தில் அதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு: தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு. படத்தைப் பெரிதாக்கி அந்தக் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். கோடு இரட்டையாகத் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது. ஆட்டக்காரரின் காலடியில் உள்ள கோடு கத்தியாகத் தெரிந்து, அவர் கையும் காலும் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. அவருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள கோடு தெளிவாக இருந்து, அவர் முழுவதும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய், வெவ்வேறு மருந்து.

அவன் படங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. கோடு சுத்தமாக இருந்தது, செம்மண்ணில் விழுந்த சுண்ணாம்புத் துகள்கூட எண்ணலாம். எதிர்ப்பக்கம் பாடிப் போகிற ரைடர் மட்டும் புகை மாதிரி. ஸ்டெபிலைசர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அது நம் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும்; எதிரே ஓடுகிறவரை நிறுத்தி வைக்க அதனால் முடியாது.

படத்தோடு பதிவான விவரத்தில் இருந்தது: எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர்; எண் சிறுத்தால் திறப்பு பெரிது), 1/80 வினாடி (ஷட்டர் திறந்திருந்த நேரம்), ஐஎஸ்ஓ 6400 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு). ஒரு ரைடர் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் திரும்பி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1/80 வினாடியில் அவர் உடம்பு ஆறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வீசுகிற கை அதைவிட வேகம், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போய்விடும். ஒரு முகம் முழுக்கக் கரைந்துபோக இது போதும்.

கேமரா ஏன் 1/80ஐத் தேர்ந்தெடுத்தது? அதற்கு வேறு வழி இல்லை. ஐஎஸ்ஓவை அந்தக் கேமராவில் இயல்பாக ஏற்றக்கூடிய உச்சம் 6400. மேலே 12800 ஒன்று உண்டு, அதில் முகம் மணலாகிவிடும். அந்த லென்ஸை இழுத்து நீட்டினால் அப்பர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. மிச்சம் இருப்பது ஷட்டர் ஒன்றுதான், அதைக் குறைத்தே தீர வேண்டும். போதாக்குறைக்கு ஃபிரேமில் பாதி கறுத்த வானம். அதைக் கண்ட கேமராவின் ஒளி மீட்டர் காட்சி இருட்டாக இருக்கிறது என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டது.

சங்கர்நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டம் எடுத்தவர்கள் சொல்லும் செட்டிங்கை அப்படியே ஊர்க் கபடியில் வைத்துப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகப் போட்ட விளக்கு. இங்கே நாலு போஸ்டில் கட்டிய போகஸ் லைட். அந்த எண்கள் இங்கே செல்லாது.

லென்ஸ்

கணக்கு எளிது. எஃப் 5.6லிருந்து எஃப் 2க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய எட்டு மடங்கு. அதே ஐஎஸ்ஓ, அதே போகஸ் லைட், 1/80 போய் 1/640 ஆகிவிடும். ஆறு சென்டிமீட்டர் இழுபட்ட உடம்பு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதுக் கேமரா வாங்கினாலும் எட்டு மடங்கு வித்தியாசத்தை அது கொடுத்துவிடாது.

எஃப் 1.8 வரை திறக்கும் ஜூம் நம் வசதிக்கு இல்லை. அதனால் ஜூமை விட்டு, ஒரே தூரம் உள்ள பிரைம் லென்ஸுக்கு வர வேண்டும். கேனானில் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் உண்டு, 2015இல் வந்தது, இருப்பதில் மிக மலிவானவற்றில் ஒன்று. 85 எம்எம் எஃப் 1.8 யுஎஸ்எம் உண்டு. 1992இல் வந்த லென்ஸ், இன்றைய 1500டியிலும் அப்படியே மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: பழைய லென்ஸ் என்று தயங்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பூஞ்சை இல்லாமல், அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறாமல் இருந்தால் போதும்.

நாங்கள் வாங்கவில்லை. இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. வைகாசி, ஆனி, ஆவணி என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுகிற கல்யாண போட்டோகிராபர்களின் லென்ஸெல்லாம் ஆடியில் பீரோவுக்குள் இருக்கும். கொடைக் கபடியோ ஆடியில் நடக்கிறது. பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் கேட்டோம். 85ஐ எடுத்துக் கொடுத்தார். 70-200 எஃப் 2.8ஐயும் நீட்டினார். அதை வேண்டாம் என்றவன் மருமகன்தான். காரணத்தையும் அவனே சொன்னான்: எஃப் 2.8இல் ஷட்டர் 1/320க்கு இறங்கும், கையில் ஒன்றரைக் கிலோ ஏறும், களமோ பதிமூன்று மீட்டர். சரியான முடிவு. 70-200 நல்ல லென்ஸ், ஃபுட்பாலுக்கோ பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் காலை நேரத் தடகளத்துக்கோ நான் அதைத்தான் எடுப்பேன். இந்த வெளிச்சத்தில், இந்தக் களத்துக்கு 85 மேல்.

இடம்

லென்ஸைவிட இடம் பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நடுக்கோட்டுக்கு நேரே பக்கவாட்டில் நின்றால் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். ஆட்டம் பார்க்க அதுதான் நல்ல இடம். படம் எடுக்க அது மோசமான இடம். ரைடர் பாடப் போகும்போதும் பக்கவாட்டு முகம், திரும்பும்போதும் பக்கவாட்டு முகம். பிடிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள். பின்னால் ஸ்கோர் போர்டு, அதற்குப் பின்னால் நன்கொடையாளர் ஃபிளெக்ஸில் நாலு பெரிய முகம்.

கடைசிக் கோட்டின் மூலையில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் உட்கார்ந்தால் காட்சி வேறு. நம் பக்கம் பாட வருகிறவரின் முகம் நேரே தெரியும். ஆனால் அது இரண்டாம் பட்சம். எதிர்ப்பக்கம் பாடப் போனவர், அங்கே தொட்டுவிட்டோ பிடிபட்டோ, நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறாரே, அப்போது அவர் நம்மை நோக்கி வருகிறார். இடுப்பில் ஒருவர், தொடையில் ஒருவர், கணுக்காலில் ஒருவர். கை முன்னால் நீண்டு, வாய் பிளந்து, கண் கோட்டின் மேல். கபடி என்ற விளையாட்டு முழுவதும் அந்த அரை வினாடியில் இருக்கிறது. அது எங்கே நடக்கும் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரியும், சுண்ணாம்பால் கோடு போட்டே வைத்திருக்கிறார்கள்.

அந்த மூலையிலிருந்து நடுக்கோடு சுமார் ஒன்பது மீட்டர். 85 எம்எம்மில், 1500டியின் சென்சார் அளவுக்கு, அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் விழும் அகலம் ஏறக்குறைய 2.3 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். மண்ணில் பாய்ந்து நீளும் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

நிற்காமல் உட்கார்வது ஏன் என்றால், ரைடர் பாடும்போது இடுப்பை மடித்துத்தான் நிற்பார். நின்று எடுத்தால் உச்சந்தலையும் மண்ணும்தான் வரும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அவர் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும். பின்னணியில் ஃபிளெக்ஸ் போய், இருட்டும் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் பொடியன்களும் வருவார்கள். இடம் கேட்கும்போது கமிட்டித் தலைவரிடமும் நடுவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட வேண்டும். ஃபிளாஷ் போடமாட்டேன் என்று முதலிலேயே சொன்னால் நடுவர் சம்மதிப்பார். மூச்சைக் கட்டிப் பாடுகிறவரின் கண்ணில் பளிச்சென்று அடிப்பது அவர் ஆட்டத்தைக் கெடுப்பது. காலை நீட்டி உட்காரக் கூடாது, பையைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தூக்கி எறியப்பட்டு வெளியே வந்து விழுகிறவர் நம் மேல்தான் விழுவார்.

ஃபோகஸும் நேரமும்

1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளி. அவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாக உணரும் வகை. மங்கிய வெளிச்சத்தில் மற்ற எட்டையும் நம்ப முடியாது. அதனால் நடுப்புள்ளி மட்டும். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டை விரலுக்கு எட்டும் நட்சத்திரக் குறிப் பொத்தானுக்கு மாற்றிவிட்டோம். கஸ்டம் ஃபங்ஷன் மெனுவில் இந்த வசதி இருக்கிறது. விளையாட்டுப் படம் எடுக்கும் யாரும் முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றம்.

இதனால் என்ன லாபம்? நடுக்கோட்டின் சுண்ணாம்பின் மேல் நடுப்புள்ளியை வைத்துக் கட்டை விரலால் ஒரு அழுத்து. செம்மண்ணில் வெள்ளைக் கோடு, ஃபோகஸ் சட்டென்று பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பிறகு ஷட்டரை எத்தனை முறை அழுத்தினாலும் கேமரா மறுபடி தேடாது. ரைடரைத் துரத்துவதை விட்டுவிட்டு, அவர் வந்தே தீர வேண்டிய இடத்தில் காத்திருக்கலாம். எஃப் 2இல் ஒன்பது மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் எண்பது சென்டிமீட்டர் சொச்சம். ரைடரின் கையும் முகமும் அதற்குள் வந்துவிடும். கணுக்காலைப் பிடித்துக் கிடக்கிறவரின் முகம் கொஞ்சம் மங்கும். எஃப் 2.8க்கு மூடினால் அவரும் வருவார், ஆனால் ஷட்டர் பாதியாகும். முகம் ஒன்று கத்தியாக இருந்தால் போதும் என்று முடிவெடுத்தோம். பிடிக்கிறவரின் உழைப்பும் பாதிக்குப் பாதி என்பதால் அந்த முடிவில் எனக்கு இன்னும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

நம்மை நோக்கிப் பாட வருகிறவர்களுக்கு மட்டும் நகர்கிறவரை ஃபோகஸ் தொடர்ந்து பின்பற்றும் ஏஐ செர்வோ முறையில் கட்டை விரலை அழுத்தியபடி துரத்த வேண்டும்.

தொடர்ச்சியாக அடித்துத் தள்ளலாம் என்றால் இந்தக் கேமரா வினாடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு வினாடி. கை கோட்டைத் தொடுகிற கணம் அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போய்விடும். வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமரா வைத்திருப்பவர் அதை நம்பலாம். மூன்று வைத்திருப்பவர் ஆட்டத்தைப் படிக்க வேண்டும். படித்தால் மூன்றே போதும்.

படிப்பது எப்படி? ஒரு பாட்டுக்கு, அதாவது ஒரு ரைடுக்கு, 30 வினாடி. முதல் பத்துப் பதினைந்து வினாடி பெரும்பாலும் அளந்து பார்ப்பதுதான், கேமராவை இறக்கிக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம். கார்னரில் நிற்கிறவரின் கால் விரலைப் பார்க்க வேண்டும். குதிகாலைத் தூக்கி விரலில் நிற்க ஆரம்பித்தால் அவர் பாயப் போகிறார். ரைடர் போனஸுக்குக் காலை நீட்டி, உடம்பு எடை முன்காலுக்குப் போனதும் பிடி விழும். பிடி விழுந்தது கண்ணில் பட்டதும், பிடியைப் பார்த்துக்கொண்டிராமல் கேமராவை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இரண்டு பாட்டு வெறுமனே போய், மூன்றாவது பாட்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியில் ஆடுகிற போட்டியானால், அந்த மூன்றாவது பாட்டு முழுக்க விரல் ஷட்டரில் இருக்கட்டும்.

"ஏல, ஆளைப் பாக்காத. கோட்டைப் பாத்துக்கிட்டே இரி" என்று பலமுறை சொன்னேன். உடம்பு தானாக ஆளைத் துரத்தும். அதை அடக்கப் பழக வேண்டும். மணத்தி கணேசன் பிறந்த மண்ணுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். கபடி தெரியாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அந்த அறிவு ரத்தத்தில் இருக்கிறது, அதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தாலே போதும்.

இரண்டாம் ஆண்டு, முதல் இரவு: புது நோய்

லென்ஸ் வந்தது, இடம் கிடைத்தது, மேனுவல் மோடில் எஃப் 2, 1/640, 6400 என்று நிறுத்திவைத்தாயிற்று. மேற்கு மூலையில் உட்கார்ந்தான். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று இந்தப் பக்கம் ஆளையே தள்ளும்; காற்றாலை சும்மாவா இத்தனை நிற்கின்றன. மேற்கே உட்கார்ந்தால் காற்று முதுகில், தூசி நம்மை விட்டு விலகிப் போகும். யோசித்துச் செய்த தேர்வு.

படங்கள் கத்தியாக வந்தன. ஆனால் அடுத்தடுத்த மூன்று படத்தில் ஒன்று வெளிச்சமாக, ஒன்று இருட்டாக, ஒன்று மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி மங்கி மஞ்சளடித்தும் இருந்தது. செட்டிங் எதையும் அவன் தொடவில்லை.

காரணம் விளக்கில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெட்டல் ஹாலைடு மாதிரியான விளக்குகள் அதில் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஏற்ற இறக்கத்துக்கு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. முந்தின ஆண்டு 1/80இல் எடுத்தபோது ஒவ்வொரு படமும் ஒரு முழுச் சுற்றையும் விழுங்கியது, அதனால் வேறுபாடு தெரியவில்லை. 1/640இல் அந்தச் சுற்றில் ஒரு சின்னத் துண்டுதான் கிடைக்கிறது. உச்சத்தில் விழுந்தால் வெளிச்சம், பள்ளத்தில் விழுந்தால் இருட்டு, நிறமும் சேர்ந்தே மாறும். இந்தக் கேமராவில் 1/200க்கு மேல் போனால் ஷட்டர் ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பதில்லை. ஒரு கீற்றாகச் சென்சாரின் மேல் ஓடுகிறது. ஓடி முடிப்பதற்குள் விளக்கு இறங்கிவிட்டால் ஃபிரேமில் ஒரு பகுதி மட்டும் மங்கும்.

2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 தொடங்கி, விளக்கின் உச்சத்தைப் பார்த்து ஷட்டரை விடுகிற வசதி பல கேமராக்களில் உண்டு. 1500டியில் இல்லை. அப்படியானால் விளக்கைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். மைக்செட் அண்ணாச்சியிடம் போனோம்.

"தம்பி, மேக்க நிக்க ரெண்டு போஸ்டும் கெழக்க பாத்து அடிக்கது எல்இடி இல்ல, பழைய ஹாலைடு. கெழக்க நிக்க ரெண்டுதான் புதுசா வாங்குன எல்இடி. எல்லாம் ஒரே ஜெனரேட்டர்ல, ஒரே ஃபேஸ்லதான் ஓடுது" என்றார்.

அந்த ஒரு பதிலில் பாதி விடை இருந்தது. மேற்கே உட்கார்ந்தால், நம்மைப் பார்க்கும் முகத்தில் விழுவது மேற்குப் போஸ்டின் ஹாலைடு வெளிச்சம். போஸ்டுகள் வெவ்வேறு ஃபேஸில் ஓடியிருந்தால் ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறி ஈடுகட்டியிருக்கும். ஒரே ஃபேஸ் ஜெனரேட்டரில் எல்லாம் சேர்ந்தே இறங்குகின்றன. எல்இடியிலும் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் மட்டமாக இருந்தால் மினுங்கும். ஆகவே சோதித்துப் பார்த்தோம். சோதனைக்குத் தனிக் கருவி வேண்டாம். ஃபோனில் ஸ்லோ மோஷன் வீடியோ போட்டு விளக்கை நோக்கிப் பிடித்தால் போதும். ஹாலைடு போஸ்ட் படபடவென்று துடித்தது. எல்இடி அசையாமல் நின்றது. மின்னொளியில் எதை எடுக்கப் போனாலும் ஆட்டம் தொடங்குமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

இரண்டாம் இரவு

கிழக்கு மூலைக்கு மாறினான். முகத்தில் எல்இடி வெளிச்சம். ஆனால் இப்போது காற்று எதிரே, களத்தின் மொத்தச் செம்மண்ணும் லென்ஸை நோக்கி. தூசியா, துடிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. தூசியைத் தாங்கிக்கொள்ளலாம், துடிப்பை எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய முடியாது என்பதால் தூசிக்குத் துணிந்தோம். இரவல் லென்ஸ் ஆகையால் முன்னால் யுவி ஃபில்டர், ஹூட், கேமராவைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் கவர். களத்தில் லென்ஸ் கழற்றுவதே இல்லை என்று ஒரு கட்டுப்பாடு. தூசி படிந்தால் முதலில் புளோயரால் ஊத வேண்டும். சட்டை நுனியால் துடைத்தால் செம்மண் கண்ணாடியைக் கீறிவிடும்.

அந்த இரவு எடுத்ததில் ஒன்றைச் சொல்கிறேன். ரைடர் வயிறு மண்ணில் பட நீண்டு கிடக்கிறார். வலது கையின் நடுவிரல் கோட்டின் சுண்ணாம்பைத் தொட்டு, அந்த விரல் நுனியிலிருந்து வெள்ளைத் துகள் ஒரு சிறு விசிறியாகக் கிளம்புகிறது. இடது காலில் மூன்று கைகள். அவற்றில் ஒன்று பிடி நழுவி, காலுறையை மட்டும் பற்றியிருக்கிறது. காலுறை ஒரு சாண் நீண்டிருக்கிறது. பின்னாலிருந்து வரும் ஹாலைடு வெளிச்சத்தில் தூசி முழுதும் பொன்னிறமாக நிற்க, முகத்தில் மட்டும் எல்இடியின் வெள்ளை. மேற்கு மூலையில் உட்கார்ந்திருந்தால் இந்தத் தூசி படத்துக்குள் வந்தே இருக்காது. வினாடிக்கு மூன்று படம் எடுக்கும் கேமராவில், ஒரே அழுத்தில் விழுந்தது.

தேறாதவையும் இருந்தன. நம் பக்கக் கடைசிக் கோட்டில் ஏழு பேர் குவியலாக விழும்போது 85 மிக நெருக்கம். தலை இருந்தால் கால் இல்லை. அங்கே 50 எம்எம் வேண்டும். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் 50ஐத்தான் சொல்வேன். நடுக்கோட்டுப் படத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொள்ளலாம், 24 மெகாபிக்சலில் அதற்கு இடம் இருக்கிறது. எஃப் 2இல் ஒன்பது மீட்டரில் ஆழமும் இரண்டரை மீட்டர் கிடைக்கும், கணுக்காலைப் பிடித்தவரின் முகமும் தெளிவாக வரும்.

கொடுக்கும் முன்

கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ‘ரா’ (RAW) கோப்பாக எடுத்ததால் நிறத்தைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. ரா-வில் பத்துப் படம் தொடர்ந்து அடித்தால் இந்தக் கேமரா திணறும். ஒற்றை ஒற்றையாக எடுப்பவருக்கு அது ஒரு குறையில்லை.

தேர்வில் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். பிடியில் உடை இழுபட்டு ஒருவரின் மானத்துக்குக் குறைவான படம் எவ்வளவு நல்ல ஆட்டமானாலும் அழித்துவிடுவது. பெண்கள் ஆட்டம் எடுப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். அணியின் பயிற்சியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று நம் மாவட்டத்துக்குரியது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் ஒருவன் சாதியின் பேரால் வெட்டப்பட்டதும், பிறகு நீதியரசர் சந்துரு குழு 2024இல் பள்ளிகளில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். கபடிப் படம் ஒன்று கைக்கு வந்ததும் அதில் சாதிப் பாட்டைச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் இருக்கிறது. எனவே மணிக்கட்டு பெரிதாகத் தெரியும் படங்களை இறுக்கி வெட்டினோம். படத்தை ஒரு அணிக்கு மட்டும் கொடுக்காமல், பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தான் மருமகன். தோற்ற அணியின் கார்னர் தன் படத்தைத்தான் முதலில் ஃபிளெக்ஸ் அடித்தார்.

85 ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பே பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய்விட்டது. 50 எம்எம் ஒன்றை அவனே பார்ட் டைம் வேலை பார்த்து வாங்கியிருக்கிறான். வரும் ஆடிக்கு நாலு போஸ்டும் எல்இடி ஆகிவிடும் என்று மைக்செட் அண்ணாச்சி சொல்கிறார். புதிய இரண்டும் மினுங்காத ரகமா என்பது போஸ்ட் நட்டுச் சோதித்த பிறகுதான் தெரியும். மினுங்காவிட்டால் மேற்கு மூலை, மினுங்கினால் மறுபடியும் கிழக்கேதான். அந்தச் சோதனைக்காக முதல் நாள் சாயங்காலம் ஜெனரேட்டரைக் கொஞ்சம் முன்னதாக ஓட்டிக் காட்டும்படி கேட்டிருக்கிறோம், சரி என்றிருக்கிறார்.